எண்பது மீட்டர் சுற்று

ஐந்தரைக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். ரொட்டியில் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவி, நின்றபடியே தின்கிறேன். கதவைப் பூட்டி இருமுறை இழுத்துப் பார்க்கிறேன். சுங்கை வேயிலிருந்து ரயில் பிடித்து ஏழேகாலுக்கு பிரிக்பீல்ட்ஸில் இறங்குகிறேன்.

நிலையத்துக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே சதுக்கம். அதைப் பிளந்துகொண்டு ஒரு சாலை. சாலையோரம் நெடுக இடுப்பளவு கம்பித் தடுப்பு. நான்கு வருடங்களுக்கு முன் அதை வரைந்தவன் நான். யாரும் நேராகக் குறுக்கே போகக்கூடாது. எண்பது மீட்டர் நடந்து, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, ஜீப்ரா கோட்டில் கடக்கவேண்டும். சதுக்கம் திறந்த மூன்றாம் வாரமே யாரோ இரண்டு கம்பிகளை அறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறார்கள். நானும்.

எட்டு மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் மனைவி புனிதா அந்தச் சாலையில் லோரி மோதி இறந்தாள். அவள் ஓட்டைப் பக்கமிருந்து ஓடி வந்ததாக ஓட்டுநர் சொன்னார். வேறு யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் நிறுவனத்தின் அறிக்கையிலும் அப்படியே எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது சதுக்கத்தைப் புதிதாக அமைக்கிறோம். வரைபடம் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. தடுப்பு ஆள் உயரம். ஓட்டை கிடையாது. ஜீப்ரா கோடு பழைய இடத்திலேயே. காரணம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது: அந்த விபத்து. வரைந்து கொடுத்தேன். வேலை இல்லையென்றால் வீட்டில் இருக்கவேண்டும்.

இன்று காலை வியாபாரிகளோடு கூட்டம். தலைமைப் பொறியாளர் சபாபதி திரையில் படத்தைக் காட்டினார். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். வயதானவர்கள் அவ்வளவு தூரம் சுற்றமாட்டார்கள் என்றார்கள். எல்லோருக்கும் அவர் மூன்றாம் பக்கத்தையே காட்டினார்.

பிறகு அமுதவள்ளி அக்கா எழுந்தார். புனிதா பூ வாங்குவது அவரிடம்தான். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை ஓட்டையில வந்து நான் பார்த்ததே இல்ல, பாஸ். மகாராணி ஊர்கோலம் போறாங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். 'எங்க வீட்டுக்காரர் போட்ட வழி அக்கா, நானாவது நடக்கணும்ல'ன்னு அது சிரிக்கும்."

அன்று மட்டும் ஏதோ அவசரமாக இருந்திருக்கலாம் என்றார் சபாபதி, குரலைத் தாழ்த்தி. என் பக்கம் திரும்பினார்.

"குகன், உங்களுக்குத் தெரியாததா. ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சிரலாம்."

ஆமாம் என்றால் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். நிலையத்தில் இறங்கும் அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்கு வந்தாகவேண்டும். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் கோடு. பஸ்ஸைத் தாண்டி வருகிற வண்டிக்கு, கடப்பவர் தெரியமாட்டார். அவளுடைய காரியம் முடிந்த மறுநாள் பழைய வரைபடத்தை விரித்தபோதே அதைக் கண்டுவிட்டேன். சுருட்டி வைத்துவிட்டேன். இல்லை என்று சொன்னால், அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது யார் என்று இந்த அறைக்கே தெரிந்துவிடும்.

குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே கதவருகே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அவள் ஓட்டையில் வரவில்லை என்றேன். அன்று மாலை ஆறு பத்துக்கு எனக்குப் போன் செய்தாள் என்றேன். சபாபதி கையிலிருந்த பேனாவை மூடினார். என்ன சொன்னாங்க என்று கேட்டார்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எல்லாரும் ஓட்டையிலதான் போறாங்க லா. நான் உங்க கோட்டுல நிக்கிறேன். பஸ் மறைக்குது, ஒண்ணும் தெரியல. வைங்க, தாண்டிட்டு கூப்பிடுறேன்."