வாசற்படிக்கு ஒரு கல்

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் என் வீட்டுக்காரருக்கு முதலில் கண்ணை உறுத்தியது வாசல்தான். பெண்ணுக்கு நல்லதாக ஒரு சேலை எடுக்கத் தோன்றவில்லை. வாசலைப் பார்த்துத்தான் வீட்டை எடை போடுவார்களாம். சரி, அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? சங்கரன்கோவிலில் நூல் கடை வைத்திருக்கும் இந்தச் சத்தியநாதனிடமிருந்து காசு வாங்குவதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுலபம்.

பெயின்டைக் கடையில் வாங்கவில்லை. சர்ச் காம்பவுண்டுக்கு அடித்து மிஞ்சியது, பள்ளிக்கூடப் பெஞ்சுக்கு அடித்து மிஞ்சியது, யார் வீட்டு ஜன்னலுக்கோ அடித்து மிஞ்சியது என்று டப்பா டப்பாவாகக் கேட்டு வாங்கி ஒன்றாகக் கலக்கினார். சுவரில் காய்ந்த பிறகு பார்த்தால், வயிற்றுப்போக்குப் பிள்ளையின் துணி நிறம். "எப்பிடிட்டி இருக்கு சந்தனக் கலர்?" என்று என்னிடமே கேட்டார். வாசல் திரைக்கு, கன்வென்ஷன் கூட்டம் முடிந்து கழற்றிப் போட்ட பேனர் துணி. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கச் சொன்னார். வெயில் விழுந்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரிந்தது. அரைக்கதவு கடையநல்லூர் நஜ்முதீன் பாயின் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. ஏதோ லாட்ஜை இடித்தபோது கழற்றிய கக்கூஸ் கதவு. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ஈரக்காற்று அடித்தால் அது தன் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். அந்தக் கதவைத் தொட்ட கையால் சோறு பிசைய எனக்கு மனசே வராது.

அத்தனையையும் தீபத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஞானதீபம் நான் பெற்றவள் இல்லை. அவருடைய முதல் தாரம் தங்கப்பழம் பெற்றுவைத்துவிட்டுச் செத்துப்போன பிள்ளை. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் தலைவலி என்றால் என் மடியில்தான் வந்து படுப்பாள். அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அம்மாவின் கல்லறைக்குப் பெயர் வெட்டிய ஒரு கல். கல்லறைத் திருநாளில் ஊரே கல்லைக் கழுவிப் பூ வைக்கும்போது, இவள் மட்டும் மண்மேட்டின் மேல் அரளிப்பூவை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பாள். கல் வெட்டுகிறவன் அட்வான்ஸோடு ஓடிவிட்டான் என்று இவர் சொல்லி வந்தார். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வருவதாக இருந்தது. அன்று காலையில்தான் உடைந்த வாசற்படியைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் போட உச்சிமாகாளி கொத்தனார் வந்தார். நான் காபி கொண்டுபோனபோது, கல்லை நிமிர்த்திவைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுல என்னமோ வெட்டியிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. மொதலாளி குப்புறப் போடச் சொன்னாவ."

வாசித்தேன். தங்கப்பழம் சத்தியநாதன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவி, காபி அந்தக் கல்லின் மேலேயே கொட்டியது. முந்தானையால் துடைத்தேன்.

"இது எங்க கெடந்துது?"

"உங்க கடை கொடோனுலதான். நூல் மூட்டைக்கு அடியில."

சத்தம் கேட்டு இவர் வெளியே வந்தார். முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை.

"கத்தாதட்டி. கல்லு அப்பவே வந்துட்டு. கல்லறைத் தோட்டத்துல பதிக்கணும்னா அதுக்குத் தனியா துட்டு கெட்டணும்னாவ. எவன் கெட்டுவான்? மூட்டையில ஈரம் ஏறாம இத்தனை வருசம் ஒழைச்சிருக்குல்லா."

"தீபம் இத மிதிச்சா ஏறி வரணும்?"

"எழுத்து மண்ணப் பாத்துத்தான கெடக்கப் போவுது. தெரியாம மிதிச்சா தோசமில்ல."

இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தகப்பன் பேசுகிற பேச்சா இது? இந்த மனுஷனோடுதான் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்திருக்கிறேன்.

"இதப் படியில போட்டியன்னா, வாரவுக முன்னால நானே சொல்லுவேன்," என்றேன்.

நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். முனகிக்கொண்டே கல்லைச் சுவரில் சாய்த்துவைத்து அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டார். வேறு கல் ஓசியில் கிடைக்குமா என்று ஊரைச் சுற்றப் போனார். கிடைக்கவில்லை. வாசலில் படி இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் தேவசுந்தரம் இளையரசனேந்தலில் வாத்தியார். கனத்த உடம்பு. படி இல்லாத வாசலில் ஒரு காலைத் தூக்கிவைத்தவர் தடுமாறி, பிடிமானத்துக்குச் சுவர்ப்பக்கம் கையை வீசினார். சாக்கு கையோடு வந்துவிட்டது. நிமிர்ந்தவர், வாத்தியார் பழக்கத்தில், உரக்கவே வாசித்தார்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த தீபம் ஓடி வந்தாள். கூப்பிடும்வரை பெண் வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. கல்லின் முன்னால் முட்டி போட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள்.

"அப்பா, இது எப்பிடிப்பா வந்துச்சு?"

இவர் விழித்தார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தொண்டையைச் செருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது, நிஜமான தண்ணீர்.

"ஒனக்குத் தெரியாம வெட்டச் சொன்னேன் மக்கா. ஒன் கல்யாணத்துக்கு முந்தி அம்மைக்குக் கல்லு வச்சிரணும்னு..."

தீபம் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேவசுந்தரம் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்த மனைவிய இப்பிடி மதிக்கிற வீட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்றார். எல்லாரையும் நிற்கவைத்து ஜெபம் பண்ணினார். இப்படிப்பட்ட தகப்பனுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் போட்டார்.

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. தீபத்தின் முகத்தைப் பார்த்தேன். அப்பா தன் அம்மாவை மறக்கவில்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதை எப்படிப் பிடுங்குவேன்? பல்லைக் கடித்துக்கொண்டு காபி கலக்கப் போனேன்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊருக்கே தெரிந்துவிட்டதால் இவர் வேறு வழியில்லாமல் துட்டைக் கட்டினார். அடுத்த வாரமே கல்லறைத் தோட்டத்தில் கல்லைப் பதித்தார்கள். தீபம் அதைக் கழுவி, அரளிப்பூ வைத்து, வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போது இவர் என் பக்கத்தில் வந்து, கல்லின் கீழ்ப்பாதியைக் காட்டினார்.

"அங்கன பாரு, ஒண்ணும் எழுதாம கெடக்குல்லா? அது ஒனக்கு. இன்னொரு கல்லுக்குச் செலவு பண்ண வேண்டாம்."

"இது என்னைக் கெட்டுறதுக்கு முந்தி வெட்டுன கல்லுல்லா?" என்றேன்.

"ஆமா. இவளப் பொதைச்ச மறுநாளே எடம் விட்டு வெட்டச் சொல்லிட்டேன். நீதான்னு அப்பம் தெரியாது. ஆனா ஒருத்தி வருவான்னு தெரியும்லா," என்று தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்தார்.

வாயெல்லாம் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் கல்லறைகள், துப்ப இடமில்லை. விழுங்கினேன்.