டிரையர் வைக்க ஓர் இடம்

ஹாலின் நடுவில் அட்டைப்பெட்டியோடு நின்ற டிரையரைச் சுற்றிச் சுற்றித்தான் மெஹ்னாஸ் இரண்டு நாளாக வீட்டுக்குள் நடமாடினாள். ஓசூரில் ஆடி பிறந்தால் தூறல் விடாது. அவளுடைய யூனிஃபார்மும் கணவன் உஸ்மானின் கம்பெனிச் சட்டைகளும் கொடியிலேயே கிடந்து ஈரவாடை அடிக்கும். அவள் படும் பாட்டைப் பார்த்து அவனாகவே வாங்கி வந்த மெஷின் அது. இருவருக்கும் வெவ்வேறு தொழிற்சாலை. அவளுக்குப் பகல், அவனுக்கு இரவு. காலையில் அவன் படியேறும்போது அவள் கம்பெனி பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருப்பாள். "டிபன் மூடி வச்சிருக்கேன்" என்பாள். "ம்" என்பான். கல்யாணமாகி மூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது.

ஞாயிறு ராத்திரியும் அவன் ஓவர்டைமுக்குப் போய்விடுவதால், அவர்களுக்கென்று இருந்தது ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். சாப்பிட்டுவிட்டு, ஒட்டிப் போட்ட இரண்டு ஒற்றைக் கட்டில்களில் படுத்துக்கொண்டு, வாரம் முழுக்கச் சேர்ந்த கதையெல்லாம் சொல்வான். சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டியது, கேன்டீன்காரனோடு தகராறு. சொல்லிக்கொண்டே தூங்கிப்போவான். அவன் கை அவள் மேல் கனமாகக் கிடக்கும். அவள் அசையாமல் படுத்திருப்பாள்.

சனிக்கிழமை மெஹ்னாஸ் பர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வந்திருந்தாள். சாயங்காலம், உஸ்மான் வேலைக்குக் கிளம்பும் முன், மெக்கானிக் முனிராஜ் வந்தான்.

"சூடான காத்து வெளிய போகணும் சார். பைப்ப ஜன்னல் வழியாத்தான் விடணும்."

சமையலறை ஜன்னலுக்குக் கீழே அடுப்பு இருந்தது. ஹால் ஜன்னல் படிக்கட்டைப் பார்த்தது. ஏறி இறங்குகிறவர்கள் முகத்தில் அனலடிக்கும். முனிராஜ் படுக்கையறையை எட்டிப் பார்த்தான்.

"ஏசி பாயிண்ட் சும்மாதான கெடக்கு? ஒயர கீழ எறக்கிக்கலாம். ஜன்னலும் பக்கத்துலயே இருக்கு. ஒரு கட்டில எடுத்துட்டீங்கன்னா அம்சமா உக்காந்துக்கும்."

உஸ்மான் வேண்டாமென்று சொல்வான் என்று மெஹ்னாஸ் காத்திருந்தாள்.

"எடுத்துரலாம்பா. நான் ஹால்ல போட்டுக்கிறேன். நான் படுக்கறப்ப இவ இருக்கறதில்ல, இவ படுக்கறப்ப நான் இருக்கறதில்ல. எங்க படுத்தா என்னா?"

"ஏங்க, பால்கனில வெச்சா?"

"சாரல் அடிச்சு மெஷின் போயிரும்."

"அப்ப திருப்பிக் குடுத்துறலாமா?"

"துணி காயலன்னு நீதான பொலம்பின?" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். மூன்றாம் மனுஷன் எதிரில் அதை எப்படிச் சொல்வது? மெத்தையைச் சுருட்டினாள். கட்டில்களைப் பிரித்தபோது இடுக்கிலிருந்து அவளுடைய ஹேர்பின்னும் அவனுடைய ஒற்றைச் சாக்ஸும் அகப்பட்டன. கூட்டித் தள்ளினாள்.

மறுநாள் மத்தியானம் பிரியாணி செய்தாள். அவன் ரசித்துச் சாப்பிட்டான். அவள் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் ஹால் கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"உள்ள வர்றீங்களா?"

"ஒருத்தர் படுக்கற கட்டில்ல ரெண்டு பேர் எப்பிடி? நெருக்கமா இருக்கும். நீ நிம்மதியா படு."

அன்பாகத்தான் சொன்னான். அவள் உள்ளே போய், துவைத்த துணிகளை டிரையரில் போட்டு ஓடவிட்டாள். அது கடகடவென்று உருண்டது.

"மெஹ்னாஸ், கதவ சாத்திக்கிறியா? சத்தமா இருக்கு."

சாத்தினாள்.

மெஷின் நின்றதும் துணிகளை அள்ளி எடுத்தாள். கை சுட்டது. மடிக்கத் தோன்றவில்லை. கட்டிலில் ஒரு பக்கமாகக் குவித்தாள். மீந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்து, குவியலுக்குள் கையை விட்டாள். வெளியே தூறல் வலுத்தது. துணியின் சூடு மேலாக ஆறத் தொடங்க, அவள் கையை இன்னும் உள்ளே நுழைத்துக்கொண்டாள்.