நோட்டில் இல்லாத பெயர்

மணல் மூட்டை தரையில் விழுந்த சத்தம் முதலாளியின் அறைவரை கேட்டது. விழக்கூடாத மூட்டை அது.

உயரமான கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டைத் தைக்கிற கம்பெனி. முப்பது பேர் வேலை செய்கிறார்கள். தைத்ததில் ஒன்றை எடுத்து நூறு கிலோ மூட்டையில் மாட்டி மேலேயிருந்து தள்ளிவிடுவார்கள். மூட்டை அந்தரத்தில் தொங்கினால் பெல்ட் நல்ல பெல்ட்.

முதலாளி ஓடிப்போய்ப் பார்த்தார். தையல் வாய் பிளந்து கிடந்தது. பக்கத்தில் தையல் பிரிவின் அக்கா நின்றிருந்தாள்.

"சார், இது நம்ம நூலே இல்ல. பெல்ட்டைப் போட்டுக் கொடுக்கிற பை தைக்கிற நூல்."

"எப்பத் தைச்சது?"

"சனிக்கிழமை மத்தியானம், பத்து பெல்ட்டு. ஒண்ணு இது. மீதி ஒன்பது அன்னைக்குச் சாயங்காலமே பெயின்டர் மேஸ்திரிக்குப் போயாச்சு."

முதலாளி நூலைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளை நூல்.

திருமணத்தன்று மாமனார் கொடுத்த வேதப்புத்தகத்தில் அவர் கோடு போட்டு வைத்திருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். மக்களின் வழக்குகளையெல்லாம் தனியாளாகக் கேட்டு மோசே சோர்ந்துபோகிறான். அவன் மாமனார் வந்து, வேலையைப் பிரித்துக் கொடு, பத்துப் பேருக்கு ஓர் அதிபதியை வை என்கிறார். "மாமனார் பேச்சைக் கேட்ட மருமகன் உலகத்துலயே மோசே ஒருத்தர்தான். ரெண்டாவது நான்" என்பார் முதலாளி. அப்படியே கம்பெனியை மூன்று பத்தாகப் பிரித்து மூன்று அதிபதிகளை வைத்தார். ஸ்டோர் அதிபதியிடம் கையெழுத்துப் போடாமல் ஓர் ஊசிகூட வெளியே வராது.

சனிக்கிழமை ஸ்டோர்காரர் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார். அன்று காலைச் சோதனை முடிந்த பிறகுதான் நூல் தீர்ந்தது. சாவி முதலாளியிடமும் ஒன்று உண்டு. திறந்தார், வெள்ளை நூல்கண்டு ஒன்றை எடுத்தார், மெஷினில் மாட்டச் சொன்னார். நம் கடையில் நமக்கெதற்குக் கையெழுத்து?

"யாரு எடுத்தாங்கன்னு தெரியல சார். நோட்டுல யாரு பேரும் இல்ல" என்றார் ஸ்டோர்காரர். முகம் செத்திருந்தது. பழி தன் தலையில்தான் விடியும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

முதலாளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்கள் மேலே இருக்கும்போது மேஸ்திரி போனைத் தொடமாட்டார்.

வண்டியில் அக்காவும் ஏறிக்கொண்டாள். மேஸ்திரி வேலை செய்த கட்டடத்தின் முன் வண்டி நின்றது.

பன்னிரண்டு மாடி. உச்சியில் மூன்று தொங்கு பலகைகள், பலகைக்கு மூன்று பேர். ஒருவன் பக்கத்துப் பலகைக்காரன்மேல் பிரஷை உதறி விளையாடிக்கொண்டிருந்தான். பெல்ட்டை நம்பித்தான் அவ்வளவு தூரம் சாய்ந்தான். முதலாளி வண்டியிலிருந்து குதித்தார். கத்துவதற்கு மூச்சை இழுத்தார்.

அக்கா அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கத்தாதீங்க சார். பதறிப்போய் ஒருத்தன் வழுக்கினா, அந்த நூலுதான் அவனைப் பிடிக்கணும். அவங்க மேஸ்திரியோட ஆளுங்க. அவர் சொன்னாத்தான் நிதானமா இறங்குவாங்க. அவர்கிட்டப் பேசுங்க."

மேஸ்திரி சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன சார், பெல்ட்டு எப்படி உழைக்குதுன்னு பாக்க வந்தீங்களா? எங்க ஆளுங்களைவிட நல்லாவே உழைக்குது."

"எல்லாரையும் இறக்குங்க. நூல்ல கோளாறு இருக்கலாம்."

"இருக்கலாமா? இப்ப இறக்கினா மறுபடி மேல ஏத்த ஒரு மணி நேரம் போயிரும் சார். யாரோ சந்தேகப்பட்டாங்கன்னு நான் இறக்க முடியுமா? எதை வச்சுச் சொல்றீங்க?"

முதலாளி திரும்பினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ இல்ல. நான்தான். ஸ்டோரைத் திறந்து தப்பு நூலை எடுத்துக் கொடுத்தது நான். காலைல மூட்டை அறுந்து விழுந்துச்சு."

மேஸ்திரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நடுப் பலகையில என் மாப்பிள்ளை இருக்கான்" என்றார் மெதுவாக.

அடுத்த கணம் அண்ணாந்து பார்த்தார். குரல் மட்டும் எப்போதும்போல் இருந்தது. "மாப்ளே! டீ வந்துருச்சு! எல்லாரும் பலகையோட மெதுவா இறங்குங்க!"

"இப்பத்தானே மாமா குடிச்சோம்?"

"இது ஓசி டீ! முதலாளி வாங்கித் தர்றாரு!"

மேலே சிரிப்பு. பலகைகள் அசைந்தன. பதினொன்று. பத்து. ஒன்பது. முதலாளி மாடிகளை எண்ணினார். ஐந்தாவது மாடியில் நடுப் பலகை ஒரு பக்கம் சரிந்தது. பிரஷ் ஒன்று சுழன்றுகொண்டே விழுந்தது. மாப்பிள்ளை அதைப் பிடிக்கக் குனிந்தான்.

"விடு மாப்ளே. பிரஷ்தானே" என்றார் மேஸ்திரி, அதே குரலில். அவர் கை தன் சட்டையையே கசக்கிக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்தான். பலகை நேரானது. நான்கு. மூன்று.

கடைசிக் கால் தரையில் பட்டபோது மேஸ்திரி ஒன்பது பெல்ட்டையும் கழற்றி வாங்கினார். ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே தையல் பிரிந்தது. சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து அதன் பின்பக்கத்தை நீட்டினார்.

"நான் கையெழுத்துப் போட்டுத்தான் சார் இதை வாங்கினேன். நீங்களும் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. என்ன காரணம்னும் எழுதுங்க."

முதலாளி ரசீதை வண்டிமேல் வைத்தார். அக்கா தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நூலை மாற்றி எடுத்தது நான் என்று எழுதி, பெயரையும் போட்டார்.

பின்னால் மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"டீ எங்க மாமா?"

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.