அடையாளம் காட்டப் போனவள்

பிடிவாரண்ட் அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. அதற்குள் அவன் இருபத்தாறு மாத ஜீவனாம்ச பாக்கியைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கோர்ட் அமீனா அவனைக் கையோடு நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மறுபடி மனு, மறுபடி வாய்தா. இந்த ஒரு தாளுக்கே ஒன்பது மாதம் நாயாய் அலைந்திருந்தேன். வீட்டுக்காரம்மா வேறு, வாடகை பாக்கிக்காக முதல் தேதிக்குள் சாவியைக் கேட்டிருந்தாள்.

அமீனாவுக்கு என் புருஷனைத் தெரியாது. ஆளைக் காட்ட நானும் வர வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். வழியெல்லாம் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாடி வளர்த்து, இளைத்துப் போயிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வாங்க அண்ணி," என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணன் இல்லீங்க சார். வேலைக்கு வெளியூர் போயிட்டாரு. நான் தம்பி." சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

என் கொழுந்தனின் அட்டைதான். அண்ணனும் தம்பியும் அச்சு அசல் ஒரே மாதிரி. எங்கள் கல்யாணத்தன்று என் சித்தியே தம்பியை மாப்பிள்ளை என்று நினைத்து அரை மணி நேரம் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமீனா அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. ஆள் மாறிப் பிடிச்சா என் வேலை போயிடும்."

"இவன்தான்."

"அண்ணி கோபத்துல சொல்றாங்க சார். அவங்க மேலயும் தப்பில்ல."

பதினோரு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஆதாரம் இல்லாம நான் கை வைக்க முடியாதும்மா," என்றார் அமீனா. "ஆள் இல்லைன்னு எழுதிடறேன். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

மணி நாலேகால். சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. தாளை வாங்கினேன். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிக்காகக் கைப்பையைத் துழாவினேன். டிபன் பாக்ஸ், குடை, நூல்கண்டு எல்லாம் வந்தன, அது மட்டும் அகப்படவில்லை. அவன் மறுபடி கம்ப்ரசர் பக்கம் குனிந்துவிட்டான்.

"சைடு ஜிப்புல பாரு," என்றான், தலையைத் தூக்காமல்.

பார்த்தேன். இருந்தது.

ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. அமீனா என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க தம்பி, போலாம்," என்றார்.

என்னைத் தாண்டிப் போகும்போது அவன் நின்றான். "இன்னும் அங்கதான் வைக்கிறியா?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

பஸ்ஸில் கண்ணாடியைக் கழற்றிக் குடை உறைக்குள் செருகினேன். ஆறு மணிக்கு அமீனா ஃபோன் செய்தார். பாதிப் பணம் கட்டிவிட்டானாம், மீதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். வீடு தப்பித்தது. சரிங்க என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலையில், கிழிந்த படுக்கை விரிப்பைத் தைக்க உட்கார்ந்தால் கண்ணாடியைக் காணோம். சைடு ஜிப்பைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எங்கே வைத்தேன் என்று சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.