மெய்யான ஆவாரை

மேல்கடலின்மீது மழைமுகில்கள் கலைந்தொழிந்த ஐப்பசித் திங்களின் மாலைப்பொழுதில், மும்பை மாநகரின் நடுவே தகரக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் தாராவியின் சந்தொன்றில், பதனிட்ட தோலின் நெடியும் அடுப்புப் புகையும் கலந்து கவிந்திருந்தன. கற்றறிந்தீர்! அச்சந்தில் வாழ்ந்த சொரிமுத்து தோற்பை தைப்பவன். நீரிழிவு அவன் காற்புண்ணை ஆறவிடாது வைத்திருந்தது. நாள்தோறும் ஊசியால் மருந்தேற்றிக்கொள்ள வேண்டுமென்பது மருத்துவர் கட்டளை. அவனுக்கோ ஊசியென்றாலே கசப்பு. அவன் மனைவி மாரிசெல்விக்கோ ஆவாரம்பூவின்மேல் அசையாத நம்பிக்கை.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று நெல்லைச் சீமையார் நாவில் வழங்கும் பழமொழியை அவள் மறைமொழியாகவே கொண்டிருந்தாள். ஆயினும் கண்ட பூவையெல்லாம் பறிக்கத் துணிந்தாளில்லை. அண்டை வீட்டு ஏஞ்சலம்மாளுடன் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள ஐரோலிக்குச் சென்று, குன்றடியில் கல்லும் முள்ளும் மண்டிய வறண்ட வெளியில், மஞ்சள் பூத்த செடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து நோக்கினாள். ஆவாரை போலவே மஞ்சள் பூப்பதாய் மழைக்குப்பின் எங்கும் மலிந்திருந்த தகரைச் செடியை, அதன் மெலிந்து நீண்ட காய்கண்டு விலக்கினாள். இறுதியில், நெருங்கிய சிற்றிலைகளும், இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற செதிலும், தட்டையான காயும் உடையதொரு புதரின் முன் நின்றாள்.

"யக்கா, நல்லாப் பாருங்க. செடி மாறிப்போச்சுன்னா அவுக உசுரு போயிரும்."

"பக்கா ஆவாரந்தாம்ட்டி. பயப்படாமப் பறி."

அன்றுமுதல் அப்பூவை உலர்த்திக் காய்ச்சிய நீரே சொரிமுத்துவுக்கு மருந்தாயிற்று. "இனி எதுக்குட்டி ஊசி?" என்று அவன் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள், ஊசிமருந்து தொடுவாரின்றிக் கிடந்தது. எத்துணைக் கொடிய சிரிப்பு அது! கார்த்திகை பிறந்ததும் காற்புண் கறுத்தது, நஞ்சு குருதியிலேறிற்று, மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே அவன் மாண்டான்.

இழவு கேட்க வந்தோர், செடி மாறியிருக்கும் என்று தம்முள் முணுமுணுத்தனர். வியப்பு யாதெனில், அப்பழியை மாரிசெல்வி ஓடிச்சென்று ஏற்றுக்கொண்டாள். பூ பொய்யென்றால், தான் நம்பியது பொய்யாகாதன்றோ?

"சொல்லுங்கக்கா, அது தகரைதான? எங்கண்ணுதான ஏமாந்துச்சு?" என்று ஏஞ்சலம்மாளின் கைகளைப் பற்றினாள்.

ஆறுதலுக்கேனும் ஆமென்று சொல்ல ஏஞ்சலம்மாள் வாயெடுத்தாள், இயலவில்லை.

"இல்லட்டி. அது ஆவாரந்தான்."

மாரிசெல்வி இலையை ஆராய்ந்தாள், காயை ஆராய்ந்தாள். வழிவழியாய்க் கேட்ட சொல்லை மட்டும் ஒருகாலும் ஆராய்ந்தாளில்லை. கண்ணின் பிழையென்றால் காலம் பொறுக்கும். நெஞ்சின் நம்பிக்கையால் நேர்ந்த இப்பிழையை யார் பொறுப்பார்? கணவனைப் புதைத்தபோதும் கலங்காது நின்ற மாரிசெல்வி, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.