அமெரிக்கக்காரன் வெட்டிய கரி

1

நாட்டுக்கு நாடு நிலக்கரி வெட்டும் வேகம், விலை என்று ஒரு கட்டுரை எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு, "நடுவில் ஒரு பெண்ணையாவது விடுங்களேன்" என்றார். விட்டிருக்கிறேன். பெயர் அங்கம்மா.

2

கரிய கடலில் கரிய கப்பல் கரிய... (வேண்டாம். இதற்குமேல் கறுப்பு கைவசம் இல்லை.)

1952. ராயபுரத்து அங்கம்மா, துறைமுகத்தில் கப்பல் கரியைக் கூடையில் சுமந்து இறக்குகிறவள். புருஷன் லட்சுமணன் தொழிலாளர் சங்கத்துப் பேச்சாளன். மணலியைத் தாண்டிப் போனதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாச் சுரங்கத்துக்கு எந்தப் பக்கம் வாசல் என்று சொல்வான். (இவனை நான் நம்பவில்லை. ஆனால் மேடையேற்றியாயிற்று.)

கரி சுமக்கும் பெண்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கரி இறக்கும் கம்பெனி மேனேஜர் பக்தவச்சலம் சங்கத்தைப் பேச அழைத்தார். கிளம்பும்போதே அங்கம்மா எச்சரித்தாள்:

"யோவ், கூலிய மட்டும் கேளு. ஊரு ஒலகத்தயெல்லாம் இஸ்துகினு போவாத."

3

"உலகத்துலயே சுரங்க வாசல் விலையில மலிவு நம்ம கரிதான், லட்சுமணன்" என்றார் பக்தவச்சலம். "மெட்ராஸ் வர்றதுக்குள்ள கப்பல் வாடகை, இறக்குகூலின்னு விலை ஏறிடுது. இதுல கூலிய எப்படிக் கூட்டறது?"

லட்சுமணனுக்கு மனைவி சொன்னது நினைவிருந்தது. ஆனால் எதிராளி 'உலகம்' என்று சொல்லிவிட்டாரே!

"அமெரிக்காவுல கூலி எவ்ளோ தெரியுமா சார்?"

"அங்க ஒருத்தன் நாளைக்கு ஆறேழு டன் வெட்டறான். நம்மாளு அரை டன்கூட இல்ல."

(பூமிக்கடியில் வெட்டுகிறவன் எங்கே, கப்பலில் கூடை தூக்குகிறவள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.)

"அவன் கையில மிஷின் கீது சார்! எங்களுக்கும் மிஷின் குட்த்துப் பாரு, அப்பால பேசு!"

இங்கே பலத்த கைதட்டல் என்று எழுதியிருந்தேன். தட்டியவர் பக்தவச்சலம் ஒருவர்தான்.

"சங்கமே மிஷின் கேட்டுடுச்சு. எழுதிக்கய்யா" என்றார் குமாஸ்தாவிடம்.

ஜெயித்துவிட்ட பூரிப்பில் லட்சுமணன் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீடு போனான்.

4

மிஷின் வந்தது. கப்பல் வயிற்றிலிருந்து கரியை வாரி நேரே ரயில் வேகனில் கொட்டியது. ஓட்ட இரண்டு ஆண்கள் போதும். அங்கம்மாவையும் கூட வேலைசெய்த பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். கரி விலை? காலணாகூட இறங்கவில்லை. (என் கட்டுரைக்கு அருமையான தகவல். நன்றி, அங்கம்மா.)

லட்சுமணன் கம்பெனி வாசலில் போய் நின்றான். பக்தவச்சலம், "நீங்க கேட்டதுதானேய்யா?" என்று உள்ளே போய்விட்டார். தெருவில் பெண்கள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில நாள் போயிற்று. பிறகு, மீன் விற்கக் கிளம்பிய அங்கம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தான்:

"அமெரிக்காவுல வேல போன பொம்பளைக்கு..."

"அங்க மத்தி இன்னா வெல போவுதுன்னு நேரா போய்க் கேட்டுகினு வா. அதுவரிக்கும் வூட்டாண்ட வராத."

5

முடிவுகள் இரண்டு. ஒன்றில் அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவள் சிரிக்கிறாள். ஆசிரியர் உருகிவிட்டார். நான் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில், அவன் அவள் பின்னாலேயே காசிமேட்டுக்குப் போகிறான். மீன் ஏலம் நடக்கிறது. அங்கம்மா விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். ஏலக்காரர் கிட்டத்தட்ட இறங்கி வந்துவிட்டார். அப்போது லட்சுமணன் தொண்டையைச் செருமுகிறான். "நார்வேயில மீனு வெல..."

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். அவன் வாயை நீங்களாவது பொத்துங்கள்.