வலித்த நாட்களின் நோட்டு

முதலில் முட்டையைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் கோதுமையை, கடலையை, தக்காளியை. கடைசியில் என் தம்பியைச் சந்தேகப்பட்டேன். இன்றைக்கு அவன் வலது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன.

எங்களுடையது கார் பட்டறை. இடிபட்டு நசுங்கிய வண்டிகள் வரும். தம்பி சுத்தியலால் தட்டி ஒடுக்கு எடுப்பான், நான் பெயிண்ட் அடிப்பேன். அப்பா விட்டுப்போன இடம், என் பெயரில் இருக்கிறது. அப்பா போனபோது அவனுக்குப் பத்து வயது. அவனைத் தூக்கி வளர்த்தவன் நான்தான் என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் கம்ப்ரஸர். காற்று ஏறிக்கொண்டே இருக்குமாம், எப்போது வெடிக்கும் என்று தெரியாதாம். பொய் என்று சொல்ல மாட்டேன்.

பெயிண்ட் அடிக்கிறவன் பிழைக்க வேண்டுமென்றால் முகமூடி வேண்டும், கையுறை வேண்டும், பால் வேண்டும். நெஞ்சில் படியும் புகையைப் பால் கழுவிவிடும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் பெயிண்டரின் முகமூடி தொங்கும் ஆணிக்குக் கீழே ஒரு பால் தம்ளர் இருக்கும். காலை பதினோரு மணிக்குத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பான்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது, கூடவே வயிற்றுப்போக்கும். காய்ச்சல் போய்விட்டது, வயிறு மட்டும் சரியாகவே இல்லை. மதியம் ஒரு மணிவாக்கில் ஆரம்பிக்கும். முதலில் டியூப் மாதிரி ஊதும். பிறகு யாரோ உள்ளே கையை விட்டுக் குடலை ஈரத்துணி போல முறுக்கிப் பிழிவார்கள். கழிப்பறைக்கு ஓடுவேன், வருவேன், மறுபடி ஓடுவேன்.

வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிற ஜாதி இல்லை நான். வலித்தால் எதையாவது அடிக்க வேண்டும். வேலை மேஜையை அடித்தேன், சுவரை அடித்தேன், சீர் செய்து முடித்த கதவை அடித்து மறுபடி நசுக்கினேன். ஒருநாள் டாக்ஸிக்காரர் ஒருவர் பாவம், “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார். சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். தின்னர் டின்மேல் போய் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. தம்பிதான் ஓடிவந்து அவர் வாயைக் கழுவிவிட்டான். “எங்கண்ணனுக்கு உடம்பு சரியில்லீங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு இதே பாட்டுதான்.

என் மனைவி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே இருந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட அம்மாள், அவசரமே தெரியாதவர்.

“ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்கணும். ஒண்ணுக்கு ரெண்டு வாரம். வாயில போறது எல்லாத்தையும் இந்த நோட்டுல எழுதுங்க. எத்தன மணிக்கு சாப்பிட்டீங்க, எத்தன மணிக்கு வலிச்சுது, எல்லாம்” என்றார்.

“எது பண்ணுதுன்னு நீங்களே சொல்லிடக் கூடாதா?”

“நான் சொன்னா அது ஊகம். உங்க நோட்டு சொன்னாத்தான் நெசம்.”

எழுதினேன். பெயிண்ட் விரலோடு எழுதி எழுதி நோட்டு கலர் கலராக ஆயிற்று. முட்டையை நிறுத்தினேன், வலித்தது. கோதுமையை நிறுத்தினேன், வலித்தது. கடலையை நிறுத்தினேன், அன்றைக்கு வலி கூடிப்போய் முன்னால் நின்ற காரின் கண்ணாடியை முழங்கையால் உடைத்தேன்.

பகலில் என் மனைவி தையல் ஃபாக்டரிக்குப் போய்விடுவாள். அதனால் பன்னிரண்டு மணிச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் தம்பி வீட்டிலிருந்துதான். அவன் பொண்டாட்டி, நான் எதையெல்லாம் நிறுத்தினேன் என்று கேட்டுக் கேட்டு எனக்குத் தனியாகச் சமைக்க ஆரம்பித்தாள். டப்பா மாறிவிடக் கூடாதென்று என் டப்பா மூடியில் தம்பி சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தான்.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு ஞாயிறுகூட வலிக்கவில்லை. பட்டறை மூடிய நாள் எதிலுமே வலி இல்லை. அந்த நாட்களில் நான் சாப்பிட்டது என் வீட்டுச் சாப்பாடு. வலித்த நாள் அத்தனையிலும் சிவப்புப் பொட்டு டப்பா.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

அதற்கு முந்தின மாதம்தான் தம்பி ஒரு பேச்சு எடுத்திருந்தான். “பட்டறைய ரெண்டு பேர் பேருக்கும் மாத்திக்கலாமாண்ணே? நாளைக்கு ஒண்ணுன்னா புள்ளைங்களுக்குள்ள சண்ட வரக் கூடாது பாரு.” பார்க்கலாம் என்று சொல்லி விட்டுவிட்டேன். அந்த “நாளைக்கு ஒண்ணுன்னா” இப்போது காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. யாருக்கு ஒன்று? எனக்குத்தானே?

மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “பைத்தியமா உங்களுக்கு? அதே அடுப்புலதான தம்பிக்கும் சமைக்கறா?”

“என் டப்பா தனி” என்றேன்.

சோதித்தும் பார்த்தேன். என்னை முட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். டப்பாவைப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டிவிட்டு, நானே வாங்கிய வாழைப்பழத்தைத் தின்றேன். வலித்தது. அப்படியென்றால் தண்ணீரில் இருக்கிறது என்று, மறுநாள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோனேன். அன்றும் வலித்தது. வேறு ஒருவனாக இருந்தால், சரி, தம்பி இல்லை என்று விட்டிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பயல் பலே ஆள், ஏதோ புது வழி கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. அவன் சிரித்தால் எனக்கு எரிந்தது. அவன் கிட்டே வந்தால் என் கை தானாக இறுகியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைக் காருக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடியாமல் சாப்பாடு தள்ளிப்போயிற்று, பாதிக் கதவில் வலி வந்தது. ஸ்ப்ரே ஒரே இடத்தில் நின்று பெயிண்ட் வழிந்து, அரை நாள் வேலை பாழ். கழிப்பறையில் முட்டி மடக்கி உட்கார்ந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு கத்தினேன். வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மேஜையைத் துடைத்து டப்பாக்களை வைத்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சமாவது சாப்பிடுண்ணே. உனக்காகவே தனியா செஞ்சு குடுத்திருக்கா” என்று சொல்லி என் டப்பாவைத் தள்ளினான்.

“நீ சாப்பிடு” என்றேன்.

“அது உன்னோடதுண்ணே.”

“சாப்பிடுடா!”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிடரியைப் பிடித்து அவன் முகத்தை டப்பாவுக்குள் அழுத்தினேன். மூக்கிலும் கண்ணிலும் சோறு ஏற, அவன் திமிறினான். இரும்பு மேஜையின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தான். அவனுடைய சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து அந்தக் கையின்மேல் ஓங்கி அடித்தேன். இரும்பில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. நடுவில் விரல் இருந்ததால் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. இன்னொரு தரமும் அடித்தேன்.

குறி பார்த்துத்தான் அடித்தேன். கை தவறிவிட்டது என்று உங்களிடமாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன்.

ரத்தம் மேஜையில் பரவி சோற்றுக்கு வந்தது. அவன் கையைப் பார்த்தபடி நின்றான். எதிர்க்கடைக்காரர்தான் ஓடிவந்து துணி சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, “எங்கண்ணன் மேஜைய அடிக்க ஓங்கினாரு, நான் தெரியாம கைய வச்சுட்டேன்” என்று சொன்னானாம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மறைக்கிறான் பார் என்று பல்லைக் கடித்தேன்.

பட்டறையைப் பூட்டினேன். எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த எட்டு நாளும் வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆலோசகர் அம்மாளிடம் போனேன். நாளைக்கு போலீஸ் வந்தால் காட்ட, எனக்கு விஷம் வைத்திருக்கிறார்கள் என்று அவர் கைப்பட எழுதி வாங்கிவிட வேண்டும். இதுதான் என் திட்டம்.

நான் கத்தியதையெல்லாம் அவர் கேட்டார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார்.

“பட்டறை இருக்கிற நாள்ல காலைலேர்ந்து என்னென்ன பண்ணுவீங்கன்னு வரிசையா சொல்லுங்க. சாப்பாட்ட விடுங்க.”

“போவேன், பூட்டத் தெறப்பேன். கம்ப்ரஸர ஓட விடுவேன். முகமூடி, கையுறை மாட்டுவேன். பதினோரு மணிக்குப் பால். அப்புறம்...”

“பாலா?”

“ஆமா. பெயிண்ட் அடிக்கிறவன் குடிக்கணும்.”

“எவ்வளவு?”

“முன்னெல்லாம் ஒரு தம்ளர். வலி வந்ததுலேர்ந்து அரை லிட்டர். புகை வயித்துல எறங்கிடுச்சோன்னு தம்பி கூட்டிக் குடுத்தான்.”

“வீட்டுல?”

“வீட்டுல கடுங்காப்பிதான். லீவு நாள்ல எதுக்குப் பால்?”

“நோட்டுல எங்கயுமே பால் இல்லையே?”

“அது சாப்பாடு இல்லீங்களே. வேலைக்கு வேணுங்கறது. முகமூடியையும்தான் நான் எழுதல.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெயிண்ட் புகைக்கும் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். வயது ஏற ஏறச் சிலருக்குப் பால் செரிக்காமல் போகும், காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் அது இன்னும் மோசமாகும் என்றார். நான் நம்பவில்லை. வழியில் கடையில் என் கையாலேயே பால் பாக்கெட் வாங்கி, என் வீட்டு அடுப்பில் நானே காய்ச்சி, மனைவி பார்க்க அரை லிட்டரையும் குடித்தேன்.

இரண்டு மணி நேரத்தில் வந்தது. வெறும் தரையில் சுருண்டு, அலமாரிக் கதவை உதைத்து உடைத்தேன். தலையைச் சுவரில் மோதினேன். வயிற்றைவிட வேறு எங்கேயோ அதிகமாக வலித்தது, அதற்கு எதை அடிப்பது என்று தெரியவில்லை. என் மனைவி விளக்குமாற்றோடு வந்தாள். உடைந்த பலகையைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

தம்பி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தான். அவன் பொண்டாட்டி கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “வாண்ணே. இத்தன நாளா வரவே இல்லியே. வயிறு எப்படி இருக்கு?”

“கண்டுபிடிச்சுட்டேன்டா. பாலு. நான் குடிக்கிற பாலுதான்.”

“பாலா!” கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தான். “அடப்பாவமே, நாந்தான உனக்கு ஊத்தி ஊத்திக் குடுத்தேன்! ஒரு வருஷமா என் கையாலேயே உனக்கு வெஷம் வச்சிருக்கேன் பாருண்ணே!”

அவன் பொண்டாட்டியும் சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இன்றுவரை அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“நானும் அப்படித்தான்டா நெனச்சேன்” என்றேன்.

“எப்படி?”

“நீ வெஷம் வைக்கறேன்னு. பட்டறைக்காக.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது. தம்பி என்னையே பார்த்தான். 

“எத்தன நாளா?”

“மூணு வாரம்.”

“இவ குடுத்தனுப்பினதெல்லாம்?”

“சாக்கடைல கொட்டிட்டேன்.”

“அப்ப அன்னிக்கு நீ மேஜைய அடிக்கல.”

“இல்லடா.”

“எல்லார்கிட்டயும் மேஜைன்னுதான் சொன்னேன்” என்றான். “நானும் அப்படித்தான் நெனச்சேன். வலில பண்ணிட்டான், வலி போனா அழுவான்னு இவகிட்ட சொல்லிட்டிருந்தேன்.”

கட்டிலை விட்டு இறங்கினான். அவன் என்னை அடித்ததே கிடையாது, சின்ன வயதில்கூட. இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுப் போட்ட கையாலேயே என் வாயில் அடித்தான். வலியில் அவனேதான் கத்தினான். மறுபடி அடித்தான். என் உதடு கிழிந்தது. அவன் கட்டுத்துணியில் சிவப்பு ஊறிப் பரவியது. அவன் பொண்டாட்டி தடுக்க வரவில்லை. நான்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம்டா. தையல் பிரிஞ்சிடும்.”

“பிரியட்டும்” என்று சொல்லி என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, மறுபடி ஓங்கினான்.